குதிரைக்கு இருந்த காவல் ஓட்டக்காரருக்கும் வேண்டும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைகளின் ஊடே 1955 முதல் ஒரு குதிரைப் பந்தயம் நடந்துவருகிறது. டெவிஸ் கோப்பை என்று பெயர். நூறு மைல், அதாவது 160 கிலோமீட்டரை ஒரே நாளில் கடக்க வேண்டும். வழியில் ராபின்சன் ஃபிளாட், ஃபாரஸ்ட்ஹில் ஆகிய இரண்டு இடங்களில் ஒவ்வொரு குதிரையும் ஒரு மணி நேரம் கட்டாயம் நிற்க வேண்டும். கால்நடை மருத்துவர் அதன் நாடியைப் பார்ப்பார், உடலில் நீர் வற்றியிருக்கிறதா என்று பார்ப்பார், நடக்கவிட்டு நொண்டுகிறதா என்று கவனிப்பார். சரியில்லை என்றால், ஏறி வந்தவர் எவ்வளவு கெஞ்சினாலும் குதிரையின் பயணம் அங்கேயே முடிந்தது. 1974இல் கோர்டி ஐன்ஸ்லீ என்பவர் குதிரை இல்லாமல் தன் காலாலேயே அந்தப் பாதையை 23 மணி 42 நிமிடத்தில் ஓடிக் கடந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் நூறு மைல் ஓட்டம். குதிரைகள் நின்ற அதே ராபின்சன் ஃபிளாட்டிலும் ஃபாரஸ்ட்ஹில்லிலும் இன்று ஓட்டக்காரரின் துணையாட்கள் காத்திருக்கிறார்கள். ஓட்டக்காரர்களின் பேச்சு வழக்கில் அவர்கள் ‘க்ரூ’.

க்ரூவுக்கு என்ன வேலை என்று கேட்டால் தண்ணீர்ப் புட்டியை நிரப்புவது, நனைந்த காலுறையை மாற்றுவது, கொப்புளத்துக்குக் கட்டுப் போடுவது, கழுத்துத் துணிக்குள் பனிக்கட்டியைச் சுற்றி வைப்பது, இருட்டும்முன் நெற்றி விளக்கைக் கையில் கொடுப்பது என்று சொல்வார்கள். எல்லாம் தேவையான வேலைகள்தாம். ஆனால் இவற்றை உதவி நிலையத்தில் நிற்கும் எந்தத் தன்னார்வலரும் செய்துவிட முடியும். துணையாள் மட்டுமே செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஓடுபவரின் தீர்மானம் தளரும் நேரத்தில் அவர் சார்பாகத் தெளிவாக யோசிப்பது. குதிரைக்குப் பேச வராது என்பதால் அதற்கு மருத்துவர் பேசினார். நூறு கிலோமீட்டர் ஓடிய மனிதருக்குப் பேச வரும். ஆனால் அவர் சொல்வதை அப்படியே நம்ப முடியாது. ஆகவே துணையாளைப் போட்டியின் ஓரத்தில் நிற்கும் விருந்தினராக அல்லாமல், பாதுகாப்பு ஏற்பாட்டின் ஓர் அங்கமாகவே அமைப்பாளர்கள் நடத்த வேண்டும் என்கிறேன்.

ஏன் நம்ப முடியாது? ஜூன் மாதக் கடைசியில் காலை ஐந்து மணிக்குப் பனி மலையடிவாரத்தில் தொடங்கும் ஓட்டம், பிற்பகலில் 38 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடிய பள்ளத்தாக்குகளுக்குள் இறங்குகிறது. ரத்தம் தசைக்கும் தோலுக்கும் ஓடுவதால் வயிறு வேலைநிறுத்தம் செய்கிறது, சாப்பிட்டது தங்குவதில்லை. 125 கிலோமீட்டரில் அமெரிக்கன் ஆற்றைக் கடக்கும்போது பலருக்கு நள்ளிரவு ஆகிவிடும். தூக்கமும் சர்க்கரையும் குறைந்த மூளை இரண்டு விதமாகப் பொய் சொல்கிறது. ஒன்று, ‘என்னால் முடியாது, விலகிவிடுகிறேன்’ என்பது. இருபது நிமிடம் உட்கார்ந்து சூடாக நாலு வாய் சூப் குடித்தால் பெரும்பாலும் இந்தப் பொய் கலைந்துபோகும். இன்னொன்று, ‘எனக்கு ஒன்றுமில்லை, விடுங்கள்’ என்பது. சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போகும்போதும், பேச்சு குழறும்போதும்கூட இதைச் சொல்வார்கள். முதல் பொய்க்கு எழுப்பிவிட வேண்டும், இரண்டாவதற்கு உட்கார வைக்க வேண்டும். இரண்டையும் பிரித்தறிய, அந்த மனிதர் சாதாரண நாளில் எப்படிப் பேசுவார், எப்படிச் சலித்துக்கொள்வார் என்று தெரிந்திருக்க வேண்டும். மருத்துவக் குழு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு. ஆனால் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கவனிக்க வேண்டிய மருத்துவருக்கு அந்த முகம் புதிது. துணையாள்தான் அதைப் பல வருடம் பார்த்தவர்.

தனியாக மலையேறுவதுதானே இந்த விளையாட்டின் அழகு, துணை வைத்துக்கொண்டால் அது யாருடைய சாதனை என்ற மறுப்பு எழுகிறது. மரியாதைக்குரிய மறுப்புதான். ஆனால் எண்களைப் பாருங்கள். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் அனுமதிக்கப்படுவோர் ஏறத்தாழ 369 பேர். அவர்களுக்காக நிற்கும் தன்னார்வலர்கள் சுமார் 1,500 பேர். ஆற்றுக்கு நடுவே குளிர்ந்த நீரில் நின்று கயிற்றைப் பிடிக்கச் சொல்லித்தருபவர்களும் இவர்களில் அடக்கம். தனிமை என்பது அங்கே ஏற்கெனவே இல்லை. உலகிலேயே கடினமானது என்று பெயர் வாங்கிய டென்னசி மாநிலத்துப் பார்க்லி ஓட்டத்திலும், ஒரு சுற்று முடிந்து முகாமுக்குத் திரும்பும்போது துணையாட்கள் உதவலாம். 60 மணி நேர வரம்புக்கு 99 வினாடிகளே மிச்சமிருக்க, 2024இல் அதை முடித்த முதல் பெண்ணான ஜாஸ்மின் பாரிஸின் சாதனையை அதனால் யாரும் குறைத்துப் பேசவில்லை. மலையில் ஒவ்வொரு அடியையும் வைத்தது அவர் கால்தான்.

இதைவிடக் கனமான மறுப்பு, துணையாளே தீங்கு செய்துவிடலாம் என்பது. செய்கிறார்கள், உண்மை. சோர்ந்தவரைப் பார்த்தால் ‘தண்ணீர் குடி, தண்ணீர் குடி’ என்று ஊட்டுவது நம் எல்லோருக்கும் இயல்பு. ஆனால் 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தவர்களிடம், அதாவது அளவுக்கு மீறிக் குடித்தவர்களிடம், அது மிகுந்து காணப்பட்டது. சோடியம் மிகவும் இறங்கினால் மூளை வீங்கி உயிரே போகலாம். வலிக்கிறது என்றதும் ஐபுப்ரோஃபென் மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும் இப்படித்தான். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டக்காரர்களிடமே நடந்த ஆய்வில், மாத்திரை போட்டவர்களுக்குத் தசைவலி குறையவில்லை. சிறுநீரகத்துக்குச் சுமை கூடியிருந்தது. அன்பும் எல்லை மீறும். 2006 வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் பிரையன் மாரிசன் என்ற ஓட்டக்காரர் முதலாவதாக ஆபர்ன் ஊர்ப் பள்ளி மைதானத்துக்குள் நுழைந்து, கடைசிக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் முன்னால் சரிந்து விழுந்தார். கூட வந்தவர்கள் தூக்கிப் பிடித்துக் கோட்டைக் கடக்க வைத்தார்கள். விதிப்படி அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். இந்த உதாரணங்களைக் காட்டித் துணையாளே வேண்டாம் என்பது, மருந்தைத் தவறாகக் கொடுத்ததற்காக மருந்துக் கடையை மூடுவது போன்றது. ஓட்டக்காரருக்கு முந்தின நாள் சொல்லும் மருத்துவ அறிவுரையை, அரை மணி நேரம் ஒதுக்கித் துணையாளுக்கும் கட்டாயமாகச் சொல்லுங்கள். இவ்வளவு குடித்தால் போதும், இந்த மாத்திரை கூடாது, இந்த அறிகுறி கண்டால் மருத்துவரைக் கூப்பிடு, இந்த இடத்தில் தொடாதே. நான்கே விஷயம்.

சமத்துவம் பற்றிய கேள்விக்கு என்னிடம் எளிதான பதில் இல்லை. நிறுவன ஆதரவுள்ள முன்னணி வீரருக்கு இரண்டு வண்டியும் நான்கு ஆட்களும் வருகிறார்கள். வெளிநாட்டிலிருந்து கடன் வாங்கி விமானம் ஏறியவருக்கு ஒருவரும் இல்லை. ஆல்ப்ஸ் மலைத்தொடரில் மோன் பிளாங்க் சிகரத்தைச் சுற்றி ஓடும் யூடிஎம்பி போட்டி இதை ஓரளவு சரிசெய்திருக்கிறது: குறிப்பிட்ட சில நிலையங்களில் மட்டும், ஒருவருக்கு ஒரு துணையாள் மட்டும். காட்டுச் சாலைகளை வண்டிகள் அடைப்பதும் இதனால் குறைகிறது. நல்ல விதி. இன்னும் ஒரு படி போகலாம். துணை இல்லாமல் வருபவருக்கு அமைப்பாளர்களே ஒரு தன்னார்வலரைப் பெயர் சொல்லி ஒதுக்கலாம். தொடங்கும்முன் இருவரையும் ஒரு மணி நேரம் பேசவிடலாம். பழகிய கண்ணுக்கு அது ஈடாகாது என்றாலும், யாரும் இல்லாததைவிட எவ்வளவோ மேல்.

2015இல் அதே ஆபர்ன் மைதானத்தில் எழுபது வயது குன்ஹில்ட் ஸ்வான்சன் 30 மணி நேர வரம்புக்கு ஆறே வினாடிகள் மிச்சமிருக்கக் கோட்டைத் தொட்டார். முந்தின நாளே ஓட்டத்தை வென்றிருந்த ராப் க்ரார் கடைசி மைலில் செருப்புக் காலோடு அவர் பக்கத்தில் ஓடிவந்தார். யாரும் அவரைத் தாங்கவில்லை, இழுக்கவில்லை. மாரிசன் விழுந்த அதே தடத்தில் கூட இருப்பதற்கும் தூக்கி விடுவதற்கும் நடுவிலுள்ள கோடு அன்று தெளிவாகத் தெரிந்தது.

உங்கள் தம்பியோ தோழியோ இப்படியொரு ஓட்டத்துக்குத் துணைக்கு அழைத்தால் தயங்காமல் போங்கள். போகுமுன் அவர்களிடம் இரண்டு கேள்விக்குப் பதில் எழுதி வாங்குங்கள்: எந்த நிலையில் நீ விலகுகிறேன் என்றாலும் உன்னை அனுப்பி வைக்க வேண்டும், எந்த நிலையில் நீ ஓடுகிறேன் என்றாலும் உன்னை நிறுத்த வேண்டும்? அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.