மழைக்கு முன் வர வேண்டிய உதவி

தூத்துக்குடி உப்பளங்களில் கதிரவன் எழுவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. விடிந்தபின் அந்த வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும் வெயிலைக் கண்கள் தாங்கமாட்டா என்பதை அநுபவத்தால் அறிந்த ஆண்களும் பெண்களும், இருட்டோடு இருட்டாகப் பாத்தியில் இறங்கி, அடியில் விளைந்து கிடக்கும் உப்பைப் பலகையால் வாரிக் கரையேற்றி, நீர் சொட்டச் சொட்டத் தலையில் சுமந்து சென்று குவிக்கிறார்கள். நாளெல்லாம் உப்புநீரில் ஊறிய பாதங்கள் வெடித்துப் புண்ணாகின்றன. அந்தப் புண்ணோடுதான் மறுநாளும் அவர்கள் பாத்தியில் இறங்க வேண்டும். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாடு நிற்கிறதென்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வதற்கு, அதில் பெரும் பங்கை விளைவிக்கும் இந்த மக்களின் பாதங்களே ஆதாரம்.

ஆனால் அவர்களுடைய வாழ்க்கையில் மிகக் கொடிய காலம் வெயில் காலமன்று, மழைக்காலமே. தை மாதத்தில் பாத்தியை மிதித்துப் பதப்படுத்தத் தொடங்கிப் புரட்டாசி வரை ஓடும் வேலை, வடகிழக்குப் பருவமழையின் முதல் தூறலோடு நின்றுவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களும் வேலையில்லை, வேலையில்லாவிடில் கூலியுமில்லை. தீபாவளிச் செலவும் மழைக்காலத்துக் காய்ச்சலும் சேர்ந்து வருவதும் அந்த மாதங்களில்தான். முதலில் காதிலும் கழுத்திலும் கிடந்த சொற்ப நகை அடகுக்கடைக்குப் போகிறது. பிறகு வட்டிக்குக் கடன். அதுவும் போதாதபோது அடுத்த பருவத்து உழைப்பின்மேல் முன்பணம். முன்பணம் வாங்கியவருக்குக் கூலியைப் பேரம் பேச வாய் எழாது. ஆகவே, மூன்று மாதத்து வறுமை அந்த மூன்று மாதத்தோடு தீர்ந்துவிடுவதில்லை. மீதி ஒன்பது மாதத்து உழைப்பின் பலனையும் அது முன்கூட்டியே தின்றுவிடுகிறது.

இந்தக் கஷ்டத்தை உணர்ந்து, மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் வழங்கத் தமிழக அரசு முன்வந்தது மனமாரப் பாராட்டத்தக்க செய்கை. ஆயினும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள 92 நாட்களுக்கு அதைப் பங்கிட்டுப் பார்த்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 54 ரூபாய்தான் கிடைக்கிறது. ஒரு குடும்பத்தின் அரிசிக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் இது எம்மட்டு என்பதை இல்லத்தரசிகளுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கடற்கரையிலேயே இதற்கொரு முன்மாதிரி இருக்கிறது. மீன்களின் இனப்பெருக்கத்தைக் காக்கும் பொருட்டு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை இருக்கிறது. அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பத்திற்கு 8,000 ரூபாய் வழங்கப்படுகிறது. அதன்றி, மீனவர் தம் வருவாயிலிருந்து 1,500 ரூபாய் சேமித்தால், மத்திய அரசும் மாநில அரசும் தலைக்கு 1,500 சேர்த்து, வருவாய் குன்றிய மாதங்களில் 4,500 ரூபாயாகத் திருப்பித் தரும் சேமிப்பு நிவாரணத் திட்டமும் உண்டு. கடலுக்குப் போகாதே என்று மீனவரைச் சட்டம் தடுக்கிறது. பாத்தியில் இறங்காதே என்று உப்பளத் தொழிலாளியை மழை தடுக்கிறது. தடுப்பது எதுவாயினும் பசி ஒன்றேயாதலால், பரிகாரமும் ஒத்திருப்பதே நியாயம்.

ஆதலால் செய்ய வேண்டியவை தெளிவானவை. நிவாரணத் தொகையை வேலையிழக்கும் நாட்களின் கணக்கோடும் நடப்புக் கூலியோடும் பொருத்தி நிர்ணயிக்க வேண்டும். மீனவர்க்குள்ளது போன்ற சேமிப்புத் திட்டத்தை உப்பளத்துக்கும் விரிக்க வேண்டும். இன்று ஓர் உப்பளம், நாளை மற்றோர் உப்பளம் என்று தினக்கூலியாய்ப் போகிறவர்கள், தாம் இன்னாரிடம் வேலை செய்தோம் என்பதற்கு எழுத்துச் சான்று காட்டுவது அரிது. ஆகையால் அவர்களை அலுவலகத்துக்கு அலையவிடாமல், வேலை நடக்கும் மாதங்களில் அதிகாரிகளே உப்பளத்துக்குச் சென்று பெயர்களைப் பதிய வேண்டும். பெண்ணின் உழைப்புக்குரிய தொகை அப்பெண்ணின் வங்கிக் கணக்கிலேயே சேர வேண்டும். இவை யாவற்றினும் முக்கியமானது காலம். செப்டம்பர் மாத இறுதிக்குள் கைக்கு வரும் பணம் நகையை வீட்டிலேயே நிறுத்தும். டிசம்பரில் வரும் அதே பணம் அடகுக்கடையின் வட்டிக்குத்தான் போய்ச் சேரும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தூத்துக்குடி மாவட்டமே வெள்ளக்காடாயிற்று; உப்பளங்களும் மூழ்கின. அத்தகைய பேரிடர் எப்போது வருமென்று எவராலும் கணித்துச் சொல்ல இயலாது. ஆனால் ஐப்பசி மழை ஆண்டுதோறும் வருவது, பஞ்சாங்கத்திலேயே எழுதியிருப்பது. வருமென்று தெரிந்த துன்பத்துக்கு முன்னதாகவே அணை கோலாமல், வந்தபின் இரங்கி அளிப்பது தயையாகலாம், நல்லாட்சியின் தர்மமாகாது. நம் ஒவ்வொரு கவளத்திலும் இந்த மக்களின் உழைப்பு கரைந்திருக்கிறது. அவர்கள் வீட்டு அடுப்பு மழையில் அணையாதிருக்கச் செய்வது, அந்த உப்பை உண்ட நம் அனைவரின் கடமை.