ஆலை இயங்குமுன் கேட்கவேண்டிய கேள்வி

வடக்கிலும் கிழக்கிலும் போரினால் மூடுண்ட ஆலைகளின் இடத்தில் மீண்டும் தொழில் தழைக்கவேண்டும் என்பது நமது நெடுநாட் கோரிக்கை. 1990 இல் நின்றுபோன காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையையும், கோஸ்ரிக் சோடாவும் குளோரீனும் செய்த பரந்தன் இரசாயன ஆலையையும் நம் மக்கள் மறந்தாரில்லை. அக்கோரிக்கையில் நாம் ஓரடியேனும் பின்வாங்கோம். ஆயினும், “இயந்திரம் எப்போது இயங்கும்?” என்று கேட்கும் நாம், “இயங்கத் தகுந்ததென்று யார், எதைப் பார்த்து, எப்போது சொன்னார்?” என்றும் கேட்டல்வேண்டும்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் கொதிகலன்களைக் காலந்தோறும் பரிசோதிக்குமாறு விதிக்கின்றது. நெல் அவிக்கும் ஆலைக்காரர் இதனை நன்கறிவர். ஆனால் ஆபத்து நாட்காட்டியைப் பார்த்து வருவதன்று. நேற்றுப் பரிசோதித்த இயந்திரத்தில் இன்று ஒரு குழாயை மாற்றினால், நேற்றைய சான்றிதழ் இன்றைய இயந்திரத்திற்குரியதாகுமா?

ஆகாது என்பதைப் பிரித்தானியாவின் பிளிக்ஸ்பரோ ஆலை 1974 ஆம் ஆண்டு யூன் 1 ஆம் நாள் உலகுக்கு உணர்த்தியது. வரிசையாய் நின்ற ஆறு கலன்களுள் ஐந்தாவதில் வெடிப்புக் கண்டதால் அதனை அகற்றி, நான்காவதையும் ஆறாவதையும் தற்காலிகக் குழாயொன்றினால் இணைத்தனர். அக்குழாய் அழுத்தத்தைத் தாங்குமா என முறைப்படி கணக்கிட்டார் எவருமிலர். குழாய் உடைந்தது, கசிந்த ஆவி வெடித்தது, 28 தொழிலாளர் மாண்டனர்.

ஆகவே பரிசோதனைக்குரிய வேளை எது? அமெரிக்கா 1992 இல் ஆக்கிய விதி, பேராபத்துடைய இரசாயனங்களைக் கையாளும் ஆலைகளுக்கு இதற்கு விடை கூறுகின்றது. ஆலை புதிதாயின் பரிசோதனை கட்டாயம். பழைய ஆலையில் செய்த மாற்றம் அதன் பாதுகாப்புக் குறிப்புகளையே திருத்தவேண்டிய அளவினதாயின் அப்போதும் கட்டாயம். பழுதான உறுப்பை நீக்கி அதே வகை உறுப்பைப் பூட்டுவது மாற்றமன்று; அளவோ, உலோகமோ, அழுத்தமோ, பொருளோ வேறுபட்டால் அது மாற்றமே. கட்டுமானம் வரைபடத்திற்கு ஒத்ததா, இயக்கும் முறையும் அவசரகால முறையும் எழுத்தில் உள்ளனவா, ஆபத்துகளை ஆராய்ந்து கண்ட குறைகள் தீர்க்கப்பட்டனவா, தொழிலாளர் பயிற்சி பெற்றனரா என்பனவற்றை, ஆபத்தான பொருளை உள்ளே செலுத்துமுன் உறுதிசெய்தல்வேண்டும்.

இவற்றோடு மூன்றாவது வேளையொன்றையும் நாம் சேர்ப்போம்: நெடுநாள் நின்ற ஆலையை மீண்டும் திறக்கும் வேளை. ஊரடங்கினால் வாரக்கணக்கில் மூடியிருந்து மீளத் திறக்க ஆயத்தமான விசாகப்பட்டினத்து ஆலையொன்றிலிருந்து 2020 மே 7 அதிகாலை கசிந்த ஸ்டைரீன் ஆவி, உறங்கிக்கொண்டிருந்த அயற்கிராமத்தவரைத் தாக்கியது. 12 பேர் இறந்தனர். வாரக்கணக்கில் நின்றதற்கே இந்தக் கதியெனின், ஆண்டுக்கணக்கில் துருவேறிக் கிடந்தவற்றைப் பற்றி என்ன சொல்வது?

விதியை எழுதிவைத்தால் மட்டும் போதுமா? 2005 மார்ச் 23 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமொன்றில், திருத்தவேலைக்காக நிறுத்திய பகுதியை மீண்டும் இயக்கும்போது 15 பேர் மாண்டனர். 180 பேர் காயமுற்றனர். இயக்குமுன் பரிசோதிக்கும் முறை அந்நிலையத்தின் ஏட்டில் இருந்தது, செயலில் இல்லை. மட்டங்காட்டும் கருவிகளின் குறை முன்னரே தெரிந்திருந்தும் இயக்கினர்.

இதிலிருந்து நாம் கேட்பது இதுவே: இம்மூன்று வேளைகளிலும் பரிசோதனையைச் சட்டம் கட்டாயமாக்கவேண்டும். தேவையா இல்லையா எனத் தீர்மானிக்கும் உரிமை, தாமதத்தினால் நட்டமடைபவரிடம் மட்டும் இருத்தலாகாது. தன் வழக்கிற்குத் தானே நீதிபதியாகலாகாது என்பது நீதியின் பாலபாடம். பரிசோதிப்போருள் இயந்திரத்தை இயக்கும் தொழிலாளரும் இருத்தல்வேண்டும். முடிவு கையொப்பத்துடன் எழுத்தில் நிற்றல்வேண்டும்.

வேலையில்லாத ஊரில், “பரிசோதனை, பரிசோதனை என்று வரும் தொழிலையும் விரட்டாதீர்” என்பார் உளர். பரிசோதனைக்குச் சில நாட்கள் செல்லலாம். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த இம்மண், ஆலைவாசலிலும் பறிகொடுக்கவேண்டுமா? தொழிலும் வேண்டும், தொழிலுக்குச் சென்றவன் மாலையில் வீடு திரும்பவும் வேண்டும். இரண்டையும் ஒருங்கே கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு.