மணிமேகலை எங்கே?

2023-ல் 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் என் மாமியார் கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா, மணிமேகலை எங்கே?"

கடம்பூர் சம்புவரையரின் மகள், கந்தமாறனின் தங்கை. படத்தில் அவள் இல்லை. "அஞ்சு பாகத்தை ரெண்டு படத்துல சொல்லணும்னா யாரையாவது விட்டுத்தானே ஆகணும் அத்தை" என்று சமாதானம் சொன்னேன். "யாரையாவது விடட்டும். அவளையா?" என்றார். ஆட்டோவில் வீடு வரும்வரை அதே பேச்சு.

யோசித்தால், அவர் கேட்டது சரிதான். நாவலில் வந்தியத்தேவனை ஒருதலையாக நேசிக்கிறவள் மணிமேகலை. ஆதித்த கரிகாலன் கொலையில் பழி அவன் மேல் விழுந்ததும், கொன்றது நான்தான் என்று சாதிக்கிறாள். கடைசியில் அவன் மடியிலேயே உயிரை விடுகிறாள். நாவல் முடிவதே அங்கேதான். அவளை எடுத்துவிட்டால் ஒரு நடிகையின் சம்பளம் மிச்சம் என்பதோடு போகாது. கொலையையும் கதை முடிவையும் புதிதாகக் கட்டியாக வேண்டும்.

கல்கி அந்தக் கொலையை இருட்டிலேயே விட்டார். உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாஸனையும் அவன் சகோதரர்களையும் கொலைத் துரோகிகள் என்கிறது. எப்படி, எதற்காக என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில் கல்கி எல்லோர் மேலும் கொஞ்சம் சந்தேகத்தைத் தூவினார். படிக்கும்போது அது சுகம். புத்தகத்தை மூடிவைத்து யோசிக்கலாம், பத்து பக்கம் பின்னால் போய்ப் பார்க்கலாம். தியேட்டரில் அதற்கு வழியில்லை. மணிரத்னம் அதை நந்தினிக்கும் கரிகாலனுக்குமான காதல் கணக்காக்கி, கரிகாலனே கத்தியை வலிய ஏற்றுக்கொள்வதாக முடித்துவிட்டார். விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் நிற்கும் அந்தக் காட்சி எனக்குப் பிடித்தது. ஆனால் அது வேறு கதை. சேந்தன் அமுதன்தான் நிஜ மதுராந்தகன் என்ற ஆள்மாறாட்டத்தை விட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. (அத்தையிடம் இதைச் சொல்லவில்லை.)

என்னைக் கேட்டால், படத்தில் காணாமல் போன பெரிய பாத்திரம் கல்கிதான். 1950-ல் வாரத் தொடராகத் தொடங்கி மூன்றரை வருஷம் எழுதினார். ஒரு வாரம் காத்திருந்த வாசகரைத் தோளில் கைபோட்டு அழைத்துப் போகிற குரல் அது. இவர் யார், இவருக்கு அவர் என்ன உறவு, போன வாரம் எங்கே விட்டோம் என்று சலிக்காமல் சொல்லும். நடுவில் கேலி பண்ணும். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதை அந்தக் குரல் நிதானமாக, ஏரியின் மதகுகளை எண்ணிக்கொண்டே சொல்கிறது. படம் போர்க்களத்தில் தொடங்குகிறது. கமல்ஹாசன் குரல் முன்கதை சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. வந்தியத்தேவனின் பயணத்தில் பெரும்பங்கு 'பொன்னி நதி' பாட்டுக்குள் அடங்கிவிட்டது. பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாவல் படிக்காத என் மகன் இடைவேளையில், "இதுல யாரு யாருக்கு சித்தப்பா?" என்று கேட்டான். பாப்கார்னோடு நான்தான் கல்கி வேலை பார்த்தேன்.

அந்தக் குரலைப் படம் முழுக்க ஓடவிட்டிருந்தால்? படத்தை நிறுத்தி நிறுத்திக் கதை சொன்ன மாதிரி ஆகியிருக்கும், நாமே திட்டியிருப்போம். தீராத சிக்கல் அது.

வீட்டுக்கு வந்தபிறகு அத்தைக்கு ஒன்றை நினைவூட்டினேன். தொடர் முடிந்தபோதும் கதை சட்டென்று நின்றுவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டார்கள். கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி, யார் யாருக்கு அப்புறம் என்ன ஆனது என்று சொல்ல வேண்டியிருந்தது.

"தெரியுமே," என்றார் அத்தை. "எங்கப்பா அந்த வாரம் சரியாவே சாப்பிடல."