பெயர்ப்பலகை மாறிய பிறகு

1926இல் கரூரில் வி.எஸ்.என். ராமலிங்கச் செட்டியாரும் இன்னும் ஆறு வணிகர்களும் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பர் 27 அன்று சிங்கப்பூர் டி.பி.எஸ். வங்கியின் இந்திய நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. "நம்ம ஊர் பாங்கை வெளிநாட்டுக்காரனுக்குத் தாரை வார்த்துவிட்டார்களே" என்று நம் சங்கத்து அன்பர்கள் சிலர் இன்றும் அங்கலாய்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நவம்பர் 17 மாலை தடை உத்தரவு வந்தபோது, டெபாசிட்தாரர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாத நிலை. பத்தே நாளில் அது நீங்கியது. டி.பி.எஸ். 2,500 கோடி மூலதனம் போட்டது; டெபாசிட் பணம் தப்பியது. பங்குதாரர்களுக்குத்தான் ஒரு காசும் மிஞ்சவில்லை. பங்கு என்றாலே அபாயம்தான் என்று சட்டம் பேசலாம். பரம்பரையாகப் பங்கு வைத்திருந்த குடும்பத்திடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

நான் சொல்ல வந்தது வேறு. ஊழியர்கள் அதே சம்பளத்தில், அதே நிபந்தனைகளில் தொடர்வார்கள் என்று இணைப்புத் திட்டத்தில் எழுதியாயிற்று. பழக்கவழக்கத்தை எந்தத் திட்டத்தில் எழுதுவது? ஒருவர் நகைக்கடனும் சிறு வியாபாரிகளின் கணக்குமாக முகம் பார்த்து நடத்தியவர். மற்றவர் 2016இலேயே இந்தியாவில் கைப்பேசிக்குள் வங்கியைக் கொண்டுவந்தவர்.

1992க்குப் பின் மீட்டர்கேஜ் பாதைகளை அகலப்பாதையாக்கும் வேலையில் நானும் இருந்தேன். 1,000 மில்லிமீட்டரை 1,676 ஆக்குவது கணக்குதான். அதற்கு டிராயிங் உண்டு. எந்த வளைவில் மழைக்கு மண் கரையும் என்பது மட்டும் டிராயிங்கில் இராது. அது கீமேனுக்குத் தெரியும். முதல் மழைக்காலம் முடியும்வரை பழைய ஆட்களை அதே செக்‌ஷனில் வைத்திருந்தோம். டிப்ளமோ படிப்பில் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வங்கிக்கும் இதுவே பொருந்தும் என்பது என் கருத்து. என் அக்கா கணக்கு வைத்திருந்த வேறொரு வங்கி (பெயர் வேண்டாம்) இணைப்புக்கு ஆளானபோது, கையெழுத்து பொருந்தவில்லை என்று புது ஆபீசர் மூன்று முறை திருப்பி அனுப்பினார். எழுபத்தெட்டு வயதில் கை நடுங்காதா? அவளை அறிந்த கிளார்க் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். விதிப்படி ஆபீசர் செய்தது சரி. அக்காவோ அதன்பின் அந்த வாசலையே மிதிக்கவில்லை.

கம்ப்யூட்டரை ஒரே இரவில் மாற்றட்டும். காசாளரையும் நகை மதிப்பீட்டாளரையும் இரண்டு வருடமாவது அதே கிளையில் விட்டு, புதியவர்களைப் பக்கத்தில் உட்கார வைக்கட்டும். படிவமும் தமிழில் இருக்கட்டும்.

நாமும் சும்மா இருக்கலாகாது. வங்கி இணைந்தால் ஐ.எஃப்.எஸ். கோடு மாறும், காசோலைப் புத்தகம் மாறும். அடுத்த கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, பெற்றோரின் பாஸ்புக்கோடு ஒரு முற்பகல் அவர்கள் கிளைக்குப் போய் உட்காருங்கள். நாமினி பெயர் ஏறியிருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.