பொருநை மின்னலையும் மாணவர் கைக்கருவியும்

பொறியியற் கல்வி என்பது ஏட்டை உள்ளத்தில் ஏற்றித் தேர்வுத்தாளில் இறக்கிவைக்கும் சுமைப்பணி அன்று. கண்டும் செய்தும் பழுது நீக்கியும் பெறுவதே பொறியறிவு. ஆயினும், இறுதியாண்டுச் செய்திட்டத்தைக் கடையில் விலைக்கு வாங்கி, அச்சிட்ட அறிக்கையோடு ஒப்படைக்கும் இழிநிலை தமிழகத்தில் வேரூன்றியுள்ளது. 1981-ஆம் ஆண்டு முதல் அரசு பொறியியற் கல்லூரி இயங்கிவரும் நெல்லையின் மாணவர்க்கு இவ்விரவல் அறிவு வேண்டா. அவர்கள் தாமே செய்யத்தக்க எளிய கருவி ஒன்று உண்டு. அதுவே அலைகாட்டி.

மின்னழுத்தம் ஏறியிறங்கும் வடிவைத் திரையில் வரைந்து காட்டுவது அலைகாட்டி. 1897-இல் செருமானிய அறிஞர் பிரௌன் வெற்றிடக் குழாயால் அமைத்த இதனை, இன்று விரல்நீள நுண்கட்டுப்படுத்தி ஒன்றால் அமைக்கலாம். மாணவர் நன்கறிந்த ஆர்டுயினோ ஊனோ பலகையின் சில்லு, 5 வோல்ட்டு அழுத்தத்தை 1024 படிகளாகப் பகுக்கும். ஒரு படி ஏறத்தாழ 5 மில்லிவோல்ட்டு. இயல்பான அமைப்பில் நொடிக்கு ஏறத்தாழ 9,000 முறை அளக்கும். அவ்வளவுகளை நினைவகத்திற் சேர்த்துக் கணிப்பொறிக்கு அனுப்பி, புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் அலை தோன்றும்.

எவ்வலையை முதலில் காண்பது? 1944 முதல் பாவநாசத்தில் பொருநை நீர் சுழலிகளை இயக்கி மின்னாக்கம் செய்துவருகின்றது. நம் வீட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைகின்றது. அதனையே காண்க! ஆனால் 230 வோல்ட்டுக் கம்பியை நேரே இணைப்பது உயிர்க்கேடு. மின்மாற்றியால் 6 வோல்ட்டாகக் குறைத்து, இரு மின்தடைகளால் மேலும் பகுத்தல் வேண்டும். சுழிக்குக் கீழிறங்கும் அழுத்தத்தைச் சில்லு தாங்காது. ஆகலின் அலை முழுவதையும் இரண்டரை வோல்ட்டு உயர்த்திய பின்னரே இணைத்தல் வேண்டும். ஓரலைக்கு 180 புள்ளிகள் கிடைக்கும், வடிவு தெளிவாகும்.

இக்கருவிக்கு எல்லையும் உண்டு. நொடிக்கு 4,500-க்கு மேற்பட்ட அலைவுகளை உள்ளவாறு காட்டாது. இல்லாத மெல்லலையாகத் திரித்துப் பொய்யுரைக்கும். ஏன் பொய்யுரைக்கின்றது என்று விளக்கத் தெரிந்தவனே கருவியை உணர்ந்தவன். விலைக்கு வாங்கியவனால் அவ்விளக்கம் தர இயலாது. மதிப்பெண் இடும் ஆசிரியப் பெருமக்கள் இவ்வொரு வினாவைத் தவறாது கேட்பாராக!

அவ்விளக்கம் தாய்மொழியில் அமைவதே உறுதியான தேர்வு. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழில் தொடங்கியது. மின்னணு மாணவர் ஆணைக்குக் காத்திருத்தல் வேண்டா. அலைவெண், வீச்சு, மின்தடை, மின்தேக்கி என்னும் சொற்கள் நம் கைவசம் உள்ளன. அறிக்கையின் ஒரு படியைத் தமிழில் எழுதித் தம் ஊர்ப் பள்ளிக்குக் கொடுக்கட்டும். கருவியை அங்குள்ள சிறார் முன் இயக்கிக் காட்டட்டும்.

இளைஞரே, கையால் செய்வீர்! தமிழால் விளக்குவீர்!