கலாசாலை வாசலில் துபாஷிகள்

பன்னிரண்டாம் வகுப்புப் பரீக்ஷையின் முடிவு வெளியானதும் மணலி, திருவொற்றியூர், எண்ணூர் முதலிய இடங்களிலுள்ள எளிய குடும்பங்களில் ஒரு கவலை தீர்ந்து மற்றொரு கவலை பிறக்கிறது. பிள்ளை தேறிவிட்டான், இனி அவனைக் கலாசாலையில் சேர்ப்பது எப்படி? பணமில்லாத கஷ்டத்தை யாவரும் அறிவர். பணத்துக்கு முன்பாகவே பாஷை குறுக்கே நிற்கிறதென்பதை அதிகாரிகள் போதிய அளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை. கட்-ஆப், கவுன்சலிங், மானேஜ்மெண்ட் கோட்டா, மாரடோரியம் என்ற சொற்களை, ஆலை வாயிலில் ஒப்பந்தக் கூலியாக நிற்கும் தகப்பனார் எந்தப் பள்ளியில் கற்றிருப்பார்? 1969-ல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வேலை தொடங்கிய நாள் முதல் தேசத்துக்காகத் தன் நிலத்தையும் காற்றையும் கொடுத்த ஊர் மணலி. அவ்வூர்ப் பிள்ளைகள் ஒரு சொல்லின் பொருள் தெரியாமல் இடத்தை இழப்பது சகிக்கத்தக்கதன்று.

கட்-ஆப் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். எஞ்சினீரிங் சேர்க்கைக்குக் கணிதத்தின் நூறு மார்க்கையும், பௌதிகம், ரசாயனம் இரண்டின் மார்க்கில் பாதியையும் கூட்டி, இருநூற்றுக்கு இவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். கணிதத்தில் 90, பௌதிகத்தில் 84, ரசாயனத்தில் 88 வாங்கியவனுக்கு 176 ஆகிறது. இதைக் கட்-ஆப் என்கிறார்கள். ஒரு கலாசாலையில் சென்ற வருஷம் கடைசியாக இடம் பெற்றவனுடைய மார்க்கையும் கட்-ஆப் என்றே சொல்லுகிறார்கள். தன்னுடையது எது, கலாசாலையினுடையது எது என்று பிரித்தறியாமல், "உன் மார்க்குக்கு எங்கும் கிடைக்காது" என்று யாரோ சொன்னதை நம்பிப் பின்வாங்குகிறவர்கள் உண்டு.

இதனினும் பெரிய நஷ்டம் சலுகை விஷயத்தில் நேருகிறது. குடும்பத்தில் முன்பு எவரும் பட்டம் பெற்றிராத மாணாக்கருக்கு 2010-ல் முதல் பட்டதாரிச் சலுகை ஏற்பட்டது. சுயநிதி எஞ்சினீரிங் கலாசாலையில் இது வருஷத்துக்கு 25,000 ரூபாய். நான்கு வருஷத்துக்கு ஒரு லக்ஷம். ஆனால் அரசாங்கம் நடத்தும் கலந்தாய்வின் மூலம் சேர்ந்தவருக்கே இது உண்டு. தரகன் பேச்சைக் கேட்டு, முடிவு வருமுன்பே அவசரமாக முன்பணம் கட்டி மானேஜ்மெண்ட் ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்குக் கிடையாது. ஆறாம் வகுப்பு முதல் அரசினர் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ல் தொழிற்கல்வியில் ஒதுக்கப்பட்ட 7.5 சதவிகித இடமும் இத்தகையதே. அவ்விடம் பெற்றவரின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் சர்க்காரே ஏற்கிறது. "நிகர்நிலை" என்ற அடைமொழியுள்ள பல்கலைக்கழகங்களோ இந்தக் கலந்தாய்வுக்கே வருவதில்லை. முன்பணம் கட்டிய அந்த ஒரு நாளில் ஒரு லக்ஷம் ரூபாய் கை நழுவியதைத் தகப்பனார் பிறகுதான் அறிகிறார். ரசீதின்றி "நன்கொடை" கேட்பது 1992-ஆம் வருஷச் சட்டப்படி தண்டனைக்குரியது என்பதையும் அவருக்கு யாரும் சொல்வதில்லை.

மணலி என்ற பெயர் நமக்கு மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரை நினைவூட்டுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் கவர்னர் பிகட்டுக்குத் துபாஷியாயிருந்தவர் அவர். கம்பெனியாரின் பாஷை ஜனங்களுக்குத் தெரியாது. ஜனங்களின் பாஷை கம்பெனியாருக்குத் தெரியாது. ஆகையால் துபாஷி வேண்டியிருந்தது. சுயராஜ்யம் வந்து இத்தனை காலத்துக்குப் பின், தமிழ்நாட்டுச் சர்க்கார் தமிழ்க் குடிகளுக்கு அளிக்கும் சலுகையை விளக்க, கமிஷன் வாங்கும் துபாஷி எதற்கு?

கடன் விஷயமும் இப்படித்தான். பாங்கிக் கல்விக் கடனில், படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருஷமும் தவணை கட்டவேண்டியதில்லை. இதையே மாரடோரியம் என்கிறார்கள். வட்டியும் இல்லை என்று பலர் எண்ணிவிடுகின்றனர். வட்டி ஓடிக்கொண்டேயிருக்கும்! வருஷ வருமானம் நாலரை லக்ஷத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்காக 2009-ல் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய வட்டி மானியத்தைத் தகுதியுள்ளவர்கள் கேட்டுப் பெறவேண்டும்.

தமிழ்ப் பிரசுரங்கள் இருக்கின்றனவே என்று சொல்லக்கூடும். ஆங்கிலச் சொல்லுக்குப் பதிலாக ஒரு தமிழ்ச் சொல்லை வைத்துவிட்டால் பொருள் விளங்கிவிடாது. "நிகர்நிலை" என்பதைக் கேட்டு எத்தனை பேருக்கு அர்த்தமாகிறது? முன்னாளில் பள்ளிக்குக் கட்டும் பணத்தைச் சம்பளம் என்றும், அதில் பாதி தள்ளினால் அரைச் சம்பளம் என்றும், படிப்பதற்கு உதவியாகக் கொடுப்பதை உபகாரச் சம்பளம் என்றும் ஜனங்கள் சொன்னார்கள். எழுத்தறியாத தாயாருக்கும் அது விளங்கிற்று. 1946-ல் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியமே வெளியிட்ட பாஷையில் ஒரு கட்டணச் சீட்டை எழுத முடியாதா?

தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தார் செய்யவேண்டியது அதிகமில்லை. ஒவ்வொரு கலாசாலையும் படிப்புக் கட்டணம், விடுதி, பஸ், பரீக்ஷை, இதர வசூல் யாவையும் சேர்த்து நான்கு வருஷத்து மொத்தத்தை ஒரே தாளில் தமிழில் வெளியிடும்படி உத்தரவிட வேண்டும். கலந்தாய்வில் ஒதுக்கீடு வந்தபின் "ஏற்று மேலிடத்துக்குக் காத்திருத்தல்" என்பதற்கும் "மறுத்து மேலிடத்துக்குக் காத்திருத்தல்" என்பதற்கும் உள்ள வித்தியாசம், அதாவது முன்னதில் கையிலுள்ள இடம் நிற்கும், பின்னதில் போய்விடும் என்பது, பொத்தானை அழுத்துமிடத்திலேயே எழுதப்பட வேண்டும். வடசென்னை அரசினர் மேல்நிலைப் பள்ளிகளில் மே, ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றோரை அழைத்து ஆசிரியர்கள் இவற்றை விளக்க வேண்டும். வேலை நாளில் வைத்தால் பயனில்லை. அரை நாள் கூலியை விட்டு வரக்கூடியவர்கள் மணலியில் சொற்பம். வருவாய்த் துறையார் முதல் பட்டதாரிச் சான்றிதழை அங்கேயே மனு வாங்கி, கலந்தாய்வு தொடங்குமுன் கொடுத்துவிட வேண்டும்.