தொடாத உருண்டை
காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுக்க வந்த ஒரு வியாபாரியின் கட்டைவிரலைத்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். வஞ்சிரத்தின் விலையை வீட்டுக்குத் தமிழில், ஆனால் ஆங்கில எழுத்தில் அடித்தார். மணலியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பீகார்க்காரருக்கு இந்தி, அதுவும் ஆங்கில எழுத்தில்தான். தெலுங்கு பேசும் சம்பந்திக்கு மட்டும் வாய்ஸ் மெசேஜ். வியாபாரியின் போனில் தமிழ் இல்லாமலில்லை. விசைப்பலகையின் அடியில் மொழி மாற்றும் அந்தச் சின்ன உலக உருண்டை இருக்கிறது, அவர் விரல்தான் அந்தப் பக்கம் போகவில்லை. இதைச் சோம்பல் என்று திட்டும் நண்பர்கள் எனக்குண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. தமிழில் தட்டுவது கடினமும் அல்ல. 1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில் உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். பல இடங்களில் புள்ளி தானே விழும். அ, ம, ம, ஆ என்று நாலே தட்டில் 'அம்மா' வந்துவிடுவாள். முத்து நெடுமாறனின் செல்லினம் செயலி 2005இலேயே கைப்பேசிக்குத் தமிழைக் கொண்டுவந்துவிட்டது. இத்தனை இருந்தும், ஒரு கையில் மீன்கூடையோடு நிற்கிறவருக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ரீசார்ஜ் கடைக்காரர் மொழியைக் கேட்காமலே ஆங்கிலத்தில் போனைத் திறந்து கையில் கொடுத்துவிடுகிறார். (அவருக்கும் பின்னால் வரிசை நிற்கிறது, பாவம்.) திருவொற்றியூர், எண்ணூர் பள்ளிகளின் கணினி வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் போதும். அங்கே தெலுங்கும் இந்தியும் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவரவர் எழுத்தையும் சேர்த்தே காட்டிவிடலாம். வீட்டுக்குப் போய் அப்பாவுக்குச் சொல்லித்தர அந்தப் பிள்ளைகளை யாரும் கெஞ்ச வேண்டியிருக்காது.